எண்ணெய்க்காரர் வீட்டுத் திரை

என் வீட்டுக்காரர் முத்து முகம்மது கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் எண்ணெய்க்காரராக இருந்தார். நூல் சுற்றிக்கொண்டு வரிசை வரிசையாகச் சுழலும் கதிர்களுக்கு எண்ணெய் விடுவது அவர் வேலை. இயந்திரத்தின் முன்கம்பியில் இடுப்பைச் சாய்த்து, உள்ளே எட்டி, ஒவ்வொரு கதிராக விட வேண்டும். கதிர் சுற்றுகிற வேகத்தில் எண்ணெய் பொடிப்பொடியாகத் திரும்பித் தெறிக்கும். துடைக்கிற பஞ்சு உருண்டையை அரைக்கால் சட்டையின் இடுப்பில் செருகிக்கொள்வார். மதியச் சங்கு ஊதுவதற்குள் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து தொடையோடு ஒட்டிவிடும்.

பதினைந்து வயதில் அந்த வேலையில் சேர்ந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் மவுத்தாகிக் கண்ணை மூடினார்.

எங்கள் ஊரில் தண்ணீருக்குப் படும் பாடு வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. பெண்கள் விடியுமுன் குடத்தோடு கிணற்றடியில் போய் உட்கார்ந்தால், ஊற ஊற இறைத்து, வெயில் ஏறிய பிறகு இரண்டு குடத்தோடு வருவோம். அந்தத் தண்ணீரில் எண்ணெய்ச் சட்டையைத் துவைக்க யாருக்கு மனசு வரும்? துவைத்தாலும் போகாது. மறுநாளே மறுபடி நனையும். அதனால் எண்ணெய்க்காரர் வீடுகளில் எல்லாம் ஒரே வழக்கம்தான். வேலைச் சட்டைக்கென்று சுவரில் ஒரு ஆணி. வந்ததும் கழற்றி மாட்டுவார்கள், காலையில் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அமாவாசைக்கு ஒரு தரம் உவர்மண் போட்டு அவிப்பதோடு சரி.

ஆனால் இவர் தொழுகை விடமாட்டார். ஐந்து வேளையும் கை கால் முகம் கழுவி ஒளு செய்யாமல் பாயில் நிற்க முடியாதே. சவக்காரத் துண்டு ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருப்பார். கை, முழங்கை, முகம், கால் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, துவைத்த கைலியைக் கட்டிக்கொண்டு தொழுவார். மில் சங்கு ஊதினால் நான் செம்பில் தண்ணீரோடு நடையில் நிற்பேன். மேலுக்குச் சவக்காரம் போட்டுக் குளிப்பது வெள்ளிக்கிழமை மட்டும்.

மில்லில் வடிந்த கழிவெண்ணெயை ஒரு சீசாவில் வீட்டுக்குக் கொண்டுவருவார். மேஸ்திரி ராமசுப்பு அதைக் கண்டுகொள்ள மாட்டார். அவரும் ஒரு காலத்தில் எண்ணெய் விட்டவர்தான். அந்த எண்ணெய்க்கு எங்கள் தெருவில் பெரிய பெயர். சொறி, படை, மாட்டுக் கொம்பில் புண், எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பக்கத்து வீட்டு வெயிலம்மாள் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக் குதிகாலெல்லாம் பிளந்துபோய் வருவாள்.

“ஏக்கா சைத்தூனு, கொஞ்சம் மில்லு எண்ண ஊத்து. என் காலப் பாத்தா நண்டு உள்ள போயிரும் போலருக்கு.”

“எடுத்துக்கோ. அவிய கொண்டாந்த சீசா அப்படியே இருக்கு.”

“நாறுனாலும் ஒன் புருசன் கொண்டார எண்ணதான் என் காலுக்குக் கேக்குது,” என்று சிரித்துக்கொண்டே தேய்த்துக்கொள்வாள்.

அவருக்கு முதலில் வந்தது ஒரு மரு. பயறு அளவு இருந்ததாம். வலி கிடையாது. குதிரைவால் முடியைக் கட்டிப் பார்த்திருக்கிறார். அது அறுந்து விழுந்து, மறுபடி அதே இடத்தில் தடித்து வந்திருக்கிறது. பிறகு, ஊருக்கெல்லாம் கொடுத்த அதே எண்ணெயை அதன்மேலேயே தினமும் தடவிக்கொண்டிருக்கிறார். இரண்டு வருஷம். எனக்கு எதுவும் தெரியாது. வந்த இடம் அப்படி.

எழுதத்தான் வேண்டும். விதைப்பையின் தோலில் வந்தது.

அவர் நடை மாறியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு காலையும் அகட்டி, இடது காலைச் சற்றே இழுத்து நடந்தார். கேட்டால் வெயிலுக்குச் சூட்டுக்கொப்பளம் என்றார். கைலியில் ஒருநாள் சீழும் இரத்தமுமாகக் கண்டேன். அதன்பிறகு நான் விடவில்லை. அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் வயதானவர். உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, என்னையும் உட்காரச் சொன்னார். தொடையிடுக்கில் நெறி கட்டியிருப்பது கல்லாக இருக்கிறது என்றார். பிறகு என்ன வேலை, என்ன உடுப்பு, எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பதில் சொன்னேன்.

“கையெல்லாம் சுத்தமா இருக்கே. கையிலேயும் எண்ணெய் படுமே?” என்றார் டாக்டர்.

“தொழுகைக்குச் சவக்காரம் போட்டுக் கழுவுவாக ஐயா. அஞ்சு வேளையும்.”

டாக்டர் இவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கழுவின இடம் தப்பிச்சிருக்கு,” என்றார். “அந்த இடத்துத் தோல் ரொம்ப மெல்லிசு. வருஷக்கணக்கா எண்ணெயிலேயே ஊறியிருக்கு. சீமையிலே நூல் மில்லுகள்லே வேலை பார்த்தவங்களுக்கு இதே இடத்திலே வந்திருக்கு. அவங்களும் வெளியே சொல்லாம இருந்துதான் செத்தாங்க. மருவா இருந்தப்பவே வந்திருந்தா வெட்டி எடுத்திருப்பேன்.”

அதற்குப் பெயர் புற்று என்று அவர்தான் சொன்னார். ஒட்டுவதில்லை என்றும் சொன்னார். இனி எங்கே வெட்டினாலும் பயனில்லை என்பதையும் மறைக்கவில்லை.

திரும்பும்போது கயத்தாற்றில் பஸ் நின்றது. லாரிக்காரர்கள் டீக்கடையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே பேசினார்.

“யார்ட்டயும் சொல்லிராதட்டி.”

“எதை?”

“எங்க வந்துதுன்னு. வயித்துல கட்டின்னு சொல்லு. இல்லாட்டா மேகநோயிம்பானுவ. எங்கயோ போயி வாங்கிட்டு வந்துட்டாம்பானுவ. நம்ம மவன் சாபருக்குக்கூடத் தெரியக் கூடாது. நாளைக்கு அவன் பள்ளிவாசல்ல தல நிமுந்து நிக்கணும்.”

“டாக்டரு எண்ணெயாலதான்னு சொல்லுதாரே.”

“டாக்டரு நம்ம தெருவுலயா இருக்காரு? எனக்குச் சத்தியம் பண்ணு.”

அவர் கையில் அடித்துக் கொடுத்தேன்.

அவர் மவுத்தானபின் மையத்தை, அவர் உடலை, குளிப்பாட்டும்போதும் அந்த இடம் யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் வழக்கத்தில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை துணி போர்த்தி, கையில் துணி சுற்றிக்கொண்டு, போர்வைக்கு அடியிலேதான் கழுவுவார்கள். அவருடைய தம்பி அப்துல் ரவூப் கழுவினார். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தார். அதோடு அடக்கமும் முடிந்துவிட்டது.

நான் இத்தா இருந்தேன். புருஷன் மவுத்தான பெண் நாலு மாதத்துக்குமேல் வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் முகம் பார்க்காமல் இருக்கும் காலம் அது. முன்னறையின் குறுக்கே ஒரு வெள்ளைத் திரையைக் கட்டினார்கள். திரைக்கு உள்ளே நானும் ஒரு பாயும். எதிரே அவர் சட்டை மாட்டும் சுவர்.

அந்த அரைக்கால் சட்டையை வெயிலம்மாள் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டாள். சுவரில் மட்டும், ஆணிக்குக் கீழே, சட்டை தொங்கிய வடிவத்திலேயே கறை இருந்தது. மகன் ஜாபர் சுண்ணாம்பு அடித்தான். இரண்டு நாள் வெள்ளையாக இருந்தது. மூன்றாம் நாள் முதலில் இடுப்புப்பட்டி, பிறகு இரண்டு காலும் மஞ்சளாக ஊறி வெளியே வந்தன. மறுபடி அடித்தான். மறுபடி வந்தது. நான் பாயைத் திருப்பிப் போட்டுப் படுத்தேன். அப்போதும் முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பதாகவே இருந்தது.

சாயங்காலச் சங்கு ஊதும்போது கால் தானாக எழும்பும். செம்பில் தண்ணீர் மொண்டு, நடைக்குப் போக முடியாததால் திரைக்கு அடியில் வைத்துவிட்டு உட்காருவேன். காலையில் தண்ணீர் குறைந்திருக்கும். பூனை குடித்திருக்கலாம். பனிக்காலம் என்றாலும் எங்கள் ஊர்க் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் மேஸ்திரி ராமசுப்பு வந்தார். திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார், பெஞ்சு முனகியது.

“என்ன செய்யுததும்மா, போனவுக திரும்பவா போறாக. மொதலாளிகிட்டப் பேசிட்டேன். அப்பன் எடத்த மகனுக்குத் தாராக. சாபரு திங்கக்கெழம வந்து எண்ணக் கேன எடுத்துக்கிடலாம். அவரு எண்ண விட்ட அதே லைனுதான்.”

ரவூப் அங்கே இருந்தார். “அல்லா கண்ணத் தொறந்துட்டான் அண்ணாச்சி,” என்றார்.

ஜாபருக்கு அப்போது பத்தொன்பது. ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவன். மில் வேலை கிடைத்தால் அடுத்த வருஷமே கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. அவன் குரலில் சந்தோஷம் கேட்டது. மேஸ்திரி போனதும், “அம்மா, அத்தா சட்டைய எரிச்சிட்டீயளே, இப்பப் புதுசு தைக்கணும்,” என்று சிரித்தான்.

நான் சுவரைப் பார்த்தேன். பயறு அளவு என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. இவனுக்கு எப்போது வரும்? முப்பத்தைந்திலா, நாற்பதிலா? அப்போதும் வலிக்காது. அப்போதும் சொல்லமாட்டான்.

“அந்த வேலைக்குப் போவாத,” என்றேன்.

“ஏம்மா?”

“போவாதன்னா போவாத.”

திரைக்கு வெளியே இருந்து ரவூப் கோபமாகக் கேட்டார். “என்ன மயினி பேசுதிய? ஊருல எத்தன பேரு அந்த மில்லு கேட்டுல நிக்கானுவ. வயித்துல கட்டி வந்து போயிட்டாக. அதுக்கு வேல என்ன பண்ணும்?”

“வயித்துல இல்ல,” என்றேன்.

சொன்னபிறகு திரும்ப முடியவில்லை. மகன் திரைக்கு இந்தப் பக்கம், என் முன்னால் உட்கார்ந்திருந்தான். கொழுந்தன் அந்தப் பக்கம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மரு, குதிரைமுடி, அதில் தடவிய எண்ணெய், டாக்டர் பேச்சு, எந்த இடம் என்பது. சத்தியம் செய்ததையும் சொன்னேன். ஜாபர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

“அத்தாவ இப்படிப் பேசுதியளே,” என்றான். “மண்ணு காயலியே இன்னும்.”

“நீ மண்ணுக்குள்ள போவாம இருக்கணும்ல.”

பிறகு ரவூப் மெதுவாகச் சொன்னார்.

“ஒங்கம்மா சொல்லுதது நெசம்தாம்லே. எனக்குத் தெரியும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் சின்னத்தா?”

“நாந்தானே கழுவுனேன். துணி சுத்துன கைக்குத் தெரிஞ்சுது. கையெடுத்துட்டேன். வேற என்னவோன்னு நெனச்சேன்.” அவர் குரல் உடைந்தது. “அண்ணனப் போயி வேற என்னவோன்னு நெனச்சேன்.”

திங்கட்கிழமை ஜாபர் மில்லுக்குப் போனான். எண்ணெய் வேலை வேண்டாம், கழிவுப் பஞ்சுக் கொட்டகையில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறான். சம்பளம் குறைந்த இடம். ஏன் என்று கேட்டார்கள். வேறு காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறான், எடுபடவில்லை. கடைசியில், பத்துப் பேர் நின்ற இடத்தில், அத்தாவுக்கு எங்கே வந்தது என்று சொல்லிவிட்டான்.

மேஸ்திரி ராமசுப்பு சிரித்திருக்கிறார்.

“எண்ணையில வந்துதாக்கும்? அப்ப நான் பதினெட்டு வருசம் எண்ண விட்டவன், எனக்கு ஏன் வரல? ஒங்கத்தன் எந்தத் தெருவுக்குப் போயி வாங்கிட்டு வந்தாரோ! தொழுகைக்குப் போறேன் தொழுகைக்குப் போறேன்னு போனவரு எங்கங்க போனாரோ.”

அங்கே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். ஜாபர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான். கொட்டகை வேலை கிடைத்துவிட்டது. அதை யாரும் கொண்டாடவில்லை. அன்று சங்கு ஊதியபோது நான் செம்பை வைக்கவில்லை. அவர் எதிரில் நிற்க எனக்கு முகம் இல்லை.

அந்தச் சிரிப்பு மில் முழுக்கச் சுற்றியது. அடுத்த ஷிப்டுக்குப் போனது. அதற்கடுத்த வாரம், மஃரிப் தொழுகைப் பாங்கு முடிந்து இருட்டும் நேரத்தில், நடையில் ஒரு இருமல் கேட்டது.

“யாரு?”

“நாந்தான், சின்னக்கருப்பன். ரெண்டாம் ஷிப்டுல எண்ண விடுதேன். சும்மா, அண்ணாச்சி மவுத்துக்கு வர முடியல, அதான் கேட்டுட்டுப் போலாம்னு.”

துக்கம் கேட்க வந்தவர் உட்காரவில்லை. மழையைப் பற்றிப் பேசினார். இடைசெவல் பக்கம் கம்பு மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருக்க வேண்டும். குரல் தெருப்பக்கமிருந்து வந்தது.

“மயினி, அண்ணாச்சிக்கு மொதல்ல எப்படி ஆரம்பிச்சுது?”

சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார். வலிக்காது என்றபோது அந்த “ம்” வரவில்லை.

“எண்ணெயத் தடவாதீய,” என்றேன். “முடி கட்டாதீய. நெறி கட்டுமுன்ன போயிருங்க. டாக்டர்ட்ட என்ன வேலைன்னு சொல்லுங்க, அவுக சிரிக்கமாட்டாக.”

“எனக்கில்ல, ஒரு சேக்காளிக்குத்தான் கேட்டேன்,” என்றார் சின்னக்கருப்பன். நான் சரி என்றேன்.

அவருக்குப் பிறகு இன்னொருவர். அவருக்குப் பிறகு வேறொருவர். எல்லோரும் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவார்கள், துக்கம் கேட்க என்றுதான் வருவார்கள். அத்தனை பேருக்கும் ஒரு சேக்காளி இருந்தான். ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. தங்கள் முகத்தை நான் பார்க்க முடியாது என்பதால்தான் வந்தார்கள். தன் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாததை ஒரு வெள்ளைத் துணியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பேசி முடித்து அவர்கள் படியிறங்கும்போது நான் நடையைக் கேட்பேன். சிலருக்கு நேராக இருக்கும். சிலருக்குக் கால் அகன்று, ஒரு பக்கம் இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டால், என் வீட்டுக்காரரே தெருவில் திரும்பத் திரும்ப நடந்துபோகிறார் என்று தோன்றும்.

வெயிலம்மாள் காலையில் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஏக்கா, ஒன் வாசல்ல ஆம்பளைக வருசையா நிக்கானுவளே. இத்தா இருக்கியா, கட போட்டிருக்கியா?”

அவளிடம் சொன்னேன். சிரிப்பு நின்றது. தன் குதிகாலைப் பார்த்தாள்.

“நான் தேச்சேனே, எனக்கும் வருமாக்கா?”

“எப்பவோ ரெண்டு சொட்டுக்கு வருமான்னு எனக்குத் தெரியாது. அவுக முப்பது வருசம் அதுலயே ஊறுனாக. இனிமே தேய்க்காத.”

அவள் வீட்டிலிருந்த சீசாவைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே கரிசல் வெடிப்புக்குள் கவிழ்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் என்னிடம் எண்ணெய் கேட்கவில்லை.

சின்னக்கருப்பன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார் என்று ஜாபர் சொன்னான். சின்னதாக வெட்டி எடுத்துவிட்டார்களாம். பதினைந்து நாளில் நடந்து வேலைக்கு வந்துவிட்டார். மற்றவர்கள் போனார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. தெருவில் சாவுச் சங்கும் சேகண்டியும் கேட்டால், யார் வீடு, எந்த மில், என்ன வேலை என்று விசாரிக்கச் சொல்லி ஜாபரை அனுப்புவேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இத்தா முடியச் சில நாளே இருந்தது. மாசி மாதம். அன்றைக்கு வந்தவர் இருமவில்லை. பேசவும் இல்லை. நடையில் நிற்பது மட்டும் தெரிந்தது. திரை கொஞ்சம் அசைந்தது. எண்ணெய் வாசனை வந்தது.

“யாரு?” என்றேன்.

கறையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஜாபர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். வெளியே நிற்பவர் மூச்சு, மாடிப்படி ஏறியவர் மூச்சுப்போல இரைத்துக்கொண்டு இருந்தது.

“யாராயிருந்தாலும் கேளுங்க,” என்றேன். “அல்லாவுக்காகக் கேளுங்க. எனக்கு முகம் தெரியாது. யார்ட்டயும் சொல்லமாட்டேன்.”

சரி என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். மருவாக வரும் என்றேன். வலிக்காது என்றேன். எண்ணெயைத் தடவாதீர்கள் என்றேன். யாரிடம் சொல்லுகிறேன் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டு போனேன். இடையில் எப்போதோ, “என்னங்க” என்று கூப்பிட்டுவிட்டேன். நாளைக்கே போய்விடுங்கள் என்னங்க, இப்போதே போனால் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்றேன். இரண்டு வருஷம் முந்தி எனக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய அத்தனையும் வாயிலிருந்து வந்தது.

வெளியே நின்றவர் திரும்பிப் படியிறங்கினார். ஒரு கால் ஊன்றியது. ஒரு கால் இழுத்தது.

நான் எழுந்தேன். இத்தாவில் இருக்கிறவள் என்பதும், தெருவில் விளக்கு ஏற்றிவிட்டார்கள் என்பதும் தெரிந்துதான் எழுந்தேன். திரையை விலக்கிக்கொண்டு நடைக்கு வந்து, படியிறங்கி, தெருவில் நின்றேன்.

“நில்லுங்க.”

அவர் நின்றார். திரும்பவில்லை. நான் சுற்றி முன்னால் போய்ப் பார்த்தேன். மேஸ்திரி ராமசுப்பு.

எங்களை வெயிலம்மாள் பார்த்தாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த இரண்டு பெண்களும் பார்த்தார்கள். மேஸ்திரி துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

“உள்ள போங்கம்மா,” என்றார். “ஒங்க சனம் பாத்தா தப்பாப் பேசுவாக.”

“பேசட்டும். எம்புட்டு நாளா இருக்கு?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருமுனையைப் பார்த்தார். அங்கே ஜாபர் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

“ஒங்க பையனப் போகச் சொல்லுங்க,” என்றார் மெதுவாக. “அவன் முன்னால என்னால சொல்ல முடியாது.”

ஜாபர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றான். என்னைத் தெருவில் பார்த்த அதிர்ச்சி அவன் முகத்தில் இருந்தது. பிறகு மேஸ்திரியையும் அவர் நிற்கிற விதத்தையும் பார்த்தான். மில்லில் அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

“ஆஸ்பத்திரிக்குக் கயத்தாத்துல எறங்கி வேற பஸ்ஸு மாறணும் மேஸ்திரி,” என்றான் ஜாபர். “காலையில மொத பஸ்ஸுக்கு வாங்க. நான் கூட வாரேன்.”